அத்தையோடு பார்த்த ‘மொழி’

2007-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொள்ளாச்சியில் ஒரு திரையரங்கின் பால்கனியில், என் அத்தை என் முழங்கையை இடித்து ஒரு கேள்வி கேட்டார். திரையில் ‘காற்றின் மொழி’ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை சிரித்துக்கொண்டும் முறுக்கைக் கடித்துக்கொண்டும் இருந்த கூட்டம் அந்தப் பாட்டுக்கு அப்படியே அடங்கிவிட்டிருந்தது. அத்தை திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களின் பின்னந்தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, விரல்களை விரித்து மடக்கி, புருவத்தைத் தூக்கி, எல்லாரும் ஏன் ஆடாமல் அசையாமல் இருக்கிறார்கள், யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டார்.

பாட்டு என்றேன். எங்கள் வீட்டில் பாட்டுக்குச் சைகை, வாயருகே குவித்த விரல்களைப் பூவைப்போல விரிப்பது. அத்தை திரையைப் பார்த்தார், ஜோதிகாவின் உதடுகளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். ‘அவள் வாயே அசையவில்லையே’ என்றது அவருடைய கை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. காற்றின் மொழி ஒலியா இசையா, பூவின் மொழி நிறமா மணமா என்று வைரமுத்து கேட்டுக்கொண்டே போகும் அந்தப் பாட்டை, காது கேளாத ஒரு பெண்ணைப் பற்றிய படத்தின் உயிர் என்று ஊரே கொண்டாடிய அந்தப் பாட்டை, காது கேளாத ஒருவருக்கு எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எனக்குப் பிடித்த காதல் படம் எது என்று யார் கேட்டாலும் ‘மொழி’ என்றுதான் சொல்கிறேன். பிடித்திருக்கிறது என்பதும் அந்தக் கேள்வி உறுத்துகிறது என்பதும் எனக்குள் ஒன்றாகவே இருந்து வருவதால், இரண்டையும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். 1956-இல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது கேரளத்தின் பக்கம் நின்றுவிட்ட தமிழ் ஊர்களில் ஒன்று. வீட்டில் தமிழ், ரேஷன் அட்டையில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று ஆடியில் எங்கள் தென்னைகளைப் போட்டு உலுக்கும். படம் பார்க்க நாங்கள் போவது பெரும்பாலும் பொள்ளாச்சிக்கு. கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் பேருந்துப் பலகை முதல் சுவரொட்டி வரை எல்லாம் தமிழாகிவிடும். அத்தை, அதாவது என் அப்பாவின் தங்கை, 1962-இல் பிறந்தவர். பிறவியிலேயே காது கேட்காது. ஊரில் அவரைக் குறிக்கப் பயன்பட்ட சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. தமிழில் அது ஒரு பெயர்ச்சொல். எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் பெயராகவே நாற்பது ஆண்டுகள் இருந்தது.

அப்படிப்பட்ட தெருவிலிருந்து போய்ப் பார்த்தவனுக்கு ‘மொழி’ எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ராதா மோகன் எழுதி இயக்கி, பிரகாஷ் ராஜ் தயாரித்து நடித்த படம் அது. 2007 பிப்ரவரியில் வெளிவந்தது. திரைப்பட இசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் கார்த்திக், தெருவில் மனைவியை அடித்துக்கொண்டிருந்த ஒருவனை ஒரு பெண் பிடித்து வெளுத்து வாங்குவதைப் பார்க்கிறான். அந்த நொடியில் அவன் தலைக்கு மேலே ஒரு பல்பு எரிகிறது. அவளுக்குக் காது கேட்காது, பேச வராது என்பது அவனுக்கு அதற்குப் பிறகுதான் தெரியவருகிறது. இந்த வரிசை முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அர்ச்சனா என்ற அந்தப் பெண் நமக்கு முதலில் அறிமுகமாவது அவளுடைய கோபத்தின் வழியாக. அவளைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லும் வாய்ப்பையே இயக்குநர் நமக்குத் தரவில்லை. அந்தக் காட்சியில் அத்தை தொடையைத் தட்டிச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. பல்பும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. காது கேளாதவர்கள் இருக்கும் வீடுகளில் வாசல் மணியின் பொத்தானை ஒரு விளக்கோடு இணைத்து வைப்பார்கள். யாரோ வந்திருக்கிறார்கள் என்பதை விளக்குதான் சொல்லும். எங்கள் வீட்டிலும் 2000-க்குப் பிறகு அப்படி ஒன்று வைத்தோம். கார்த்திக்கின் தலைமேல் எரிந்ததும் அந்த விளக்குத்தான் என்று அத்தை எடுத்துக்கொண்டதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஜோதிகாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மும்பையிலிருந்து வந்த அவருக்குத் தமிழில் பெரும்பாலும் வேறு ஒருவர்தான் குரல் கொடுப்பார். அவர் முகமும் இன்னொருவர் குரலுமாகவே நாம் அவரைப் பல ஆண்டுகள் பார்த்து வந்தோம். குரலே தேவைப்படாத இந்தப் பாத்திரத்தில்தான் அவர் முழுக்க முழுக்கத் தானாகவே நடித்தார் என்பது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருக்கிறது. எதிரே நடித்த பிருத்விராஜ் எங்கள் மாநிலத்துக்காரர். இசையமைத்த வித்யாசாகர் ஆந்திரத்திலிருந்து வந்து மலையாளத்தில் பேர்போனவர். பாட்டின் பெண்குரல் வடிவத்தைப் பாடிய சுஜாதா மலையாளி. ‘மொழி’ என்று பெயர் வைத்த தமிழ்ப் படத்தில் இப்படிப் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கத்தவர்கள் என்பதில் எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு ஒரு சொந்தப் பெருமை உண்டு.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, கார்த்திக் அவளுடைய கைமொழியைக் கற்றுக்கொள்ளத் தொடங்கும் பகுதி. அவளுடைய தோழி ஷீலா, சொர்ணமால்யா நடித்த பாத்திரம், அதுவரை இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் அவளையே ஆசிரியையாக்கிக்கொள்கிறான். காதலுக்காகக் கையை அறுத்துக்கொள்ளும் நாயகர்களைப் பார்த்துச் சலித்த எனக்கு, ஒரு நாயகன் பள்ளிப் பிள்ளையைப்போலத் தப்பும் தவறுமாகக் கற்பதைப் பார்ப்பது நிறைவாக இருந்தது. படம் முடியும்போது அவளுக்குக் காது வந்துவிடுவதில்லை. கோயில் மணியோ அறுவைச் சிகிச்சையோ எதுவும் குறுக்கே வரவில்லை. தமிழ்த் திரையில் ஊமைப் பெண் கடைசி ரீலில் ‘அம்மா’ என்று கத்துவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே ராதா மோகனின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றும்.

அரங்கில் நான்தான் அத்தைக்கு ஷீலா. அவளுக்கு இருந்த வசதி எனக்கு இல்லை என்பது இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஜோதிகா கைகளை அசைக்கும்போதெல்லாம் அத்தை முதலில் ஆவலோடு பார்த்தார். நான்கைந்து முறைக்குப் பிறகு, ‘அவள் என்ன சொல்கிறாள்?’ என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரையில் இருப்பது இந்தியச் சைகைமொழியை ஒட்டியது; என் அத்தைக்கு அது தெரியாது. அவரிடம் இருப்பது எங்கள் வீட்டுக்குள் எங்கள் பாட்டியும் அப்பாவும் அவரும் சேர்ந்து உண்டாக்கிய சைகைகள். பால்காரருக்கு மீசையை முறுக்க வேண்டும், கோயமுத்தூருக்கு ஆலைச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், என் அப்பாவுக்கு இடது புருவத்துத் தழும்பைத் தொட வேண்டும். மொழியியலாளர்கள் இதை வீட்டுச் சைகை என்கிறார்கள். வாசலைத் தாண்டினால் அது செல்லாது. ஆகவே காது கேளாத பெண்ணைப் பற்றிய படத்தில், தமிழ் வசனமும் புரியாமல், பாட்டும் கேட்காமல், நாயகியின் கைகள் பேசியதும் விளங்காமல், மூன்று பக்கமும் அடைபட்டு உட்கார்ந்திருந்தார் அத்தை. அவருக்கு மிஞ்சியது முகங்கள் மட்டுமே. அதை வைத்துக்கொண்டே அவர் கதையில் முக்கால்வாசியைப் பிடித்துவிட்டார் என்பது நடிகர்களுக்குக் கிடைத்த நற்சான்று.

அவருக்கு ஏன் அந்த மொழி கிடைக்காமல் போயிற்று என்பதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி என்னால் பேச முடியாது. 1970-இல், எட்டு வயதில், அவரைத் தொலைவில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கையை அசைத்தால் கையில் அடி விழும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேச வேண்டும். இது அந்த ஒரு பள்ளியின் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகையைவிட வாய்மொழி முறையே மேல் என்று தீர்மானம் போட்டது. அங்கே வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். அதற்காக அந்த மாநாட்டின் வழிவந்தவர்கள் 2010-இல், வான்கூவரில் கூடியபோதுதான், வருத்தம் தெரிவித்தார்கள். இடையில் போன 130 ஆண்டுகளில் என் அத்தையின் இரண்டு ஆண்டுகளும் அடக்கம். எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பள்ளியில் அவருக்குக் கற்பித்த உதடுகள் மலையாளம் பேசின. விடுமுறைக்கு வந்தால் வீட்டு உதடுகள் தமிழ் பேசின. ஒரு பொருளுக்கு இரண்டு வாய்வடிவங்கள் என்று யாரும் அந்தக் குழந்தைக்குச் சொல்லவும் இல்லை, சொல்ல வழியும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாட்டி போய் அழைத்து வந்துவிட்டார். அத்தை வாயால் சொல்லக் கற்றுக்கொண்டு திரும்பியவை மூன்றே சொற்கள்: அம்மா, பால், வா. இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தன என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் கவனித்தேன்.

திருவனந்தபுரத்தில் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1997-இல் தொடங்கப்பட்டபோது அத்தைக்கு முப்பத்தைந்து வயது. இந்தியச் சைகைமொழிக்கான ஆராய்ச்சி, பயிற்சி மையம் தில்லியில் 2015-இல் அமைந்தது. 2018-இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதியை 2021-இல் 10,000 சொற்களுக்கு வளர்த்தது. அந்தக் காணொளிகளை நான் இரவில் உட்கார்ந்து பார்ப்பதுண்டு. தமிழைப் போலவே அதிலும் வினை கடைசியில் வரும். ‘என்ன’, ‘யார்’ என்ற கேள்விச்சொல் அதற்கும் பின்னால், வாக்கியத்தின் வாலில் வந்து நிற்கும். ஆமாம், இல்லை என்று பதில் எதிர்பார்க்கும் கேள்விக்குப் புருவத்தைத் தூக்க வேண்டும். இலக்கணத்தில் பாதி முகத்தில் இருக்கிறது.

அத்தையின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ‘மொழி’யின் மையக் கேள்வி கல்யாணம்தான். மாமா மாட்டுத் தரகர். காது கேட்பவர், கேட்பவர் என்ன, சந்தையில் மூன்று பேர் குசுகுசுப்பதை ஒரே நேரத்தில் கேட்கக்கூடியவர். 1988-இல் அவர் அத்தையைக் கட்டிக்கொண்டபோது, அரை ஏக்கர் தென்னந்தோப்புக்காகக் கட்டிக்கொண்டார் என்று ஊர் சொன்னது. தோப்பும் ஒரு காரணம்தான் என்று மாமாவே பின்னாளில் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். அவர் தலைக்கு மேல் எந்தப் பல்பும் எரிந்ததாகத் தகவல் இல்லை.

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதை நேரில் பார்க்காதவர்களுக்காக: பொள்ளாச்சியிலும் வாணியங்குளத்திலும் வாய்விட்டு விலை சொல்லும் வழக்கம் கிடையாது. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் ஒரு தொகை, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் இன்னொரு தொகை. நூறா ஆயிரமா என்பதை மாட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. முகத்தில் ஒரு கோடுகூட அசையக் கூடாது. படியவில்லை என்றால் கையை உதறிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். பேச்சில்லாமல் விரலால் பேசுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு மனிதர் என் அத்தைக்கு வாய்த்ததைப் பாட்டி முருகன் செயல் என்பார்.

கல்யாணமான புதிதில் அவர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தவை எண்கள் மட்டுமே. எத்தனை படி அரிசி, எத்தனை மணிக்குத் திரும்புவேன், பாலுக்கு எவ்வளவு பாக்கி என்று அவர் அத்தையின் விரலைப் பிடித்துச் சொல்வார். எண்களிலிருந்து பொருள்களுக்கும், பொருள்களிலிருந்து ஆட்களுக்கும், கடைசியில் ஊர்வம்புக்கும் வந்து சேர அவர்களுக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆயிற்று. மாமாவுக்குப் பெரிய தடையாக இருந்தது அவருடைய தொழில் முகம். கை சரியாகச் சொல்லும். முகம் எதையும் காட்டாது. அத்தைக்குப் பாதி வாக்கியம்தான் வந்து சேரும். ‘உன் மாமனுக்கு மூஞ்சி மரம்’ என்று என்னிடம் கன்னத்தைத் தட்டித் தட்டிச் சைகை காட்டிக் குறைப்படுவார். புருவத்தைத் தூக்கக் கற்றுக்கொண்ட பிறகு சந்தையில் தன் விலை வெளியே தெரிந்துவிடுகிறது என்று மாமா குறைப்படுவார். கார்த்திக் மொழி கற்கும் காட்சிகளில் நான் சிரித்ததெல்லாம் மாமாவை நினைத்துத்தான்.

படத்தில் அர்ச்சனா கல்யாணமே வேண்டாம் என்கிறாள். காது கேளாத குழந்தையாகப் பிறந்ததற்காகவே அவளுடைய அப்பா குடும்பத்தை விட்டுப் போனவர். தனக்கும் அப்படி ஒரு குழந்தை பிறந்தால் இவனும் போய்விடுவானோ என்பது அவளுடைய அச்சம். இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், காது கேளாதோர் தங்களுக்குள் மணம் செய்துகொண்டால் மனித இனத்தில் காது கேளாத ஒரு வகையே உருவாகிவிடும் என்று 1883-இல் எச்சரித்தார். அவருடைய தாய்க்கும் காது கேட்காது. 1877-இல் அவர் மணந்துகொண்ட மேபல், ஐந்து வயதில் காய்ச்சலில் காது போனவர். வீட்டுக்குள் அப்படி ஒரு காதல் கதையை வைத்துக்கொண்டு ஊருக்கு அந்த உபதேசம் செய்தவரை என்னவென்று சொல்வது! உண்மையில் காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை, காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. மரபணு வழியாக வரும் காது கேளாமையில் பெரும்பகுதி, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை சேர்ந்து வந்தால்தான் வெளிப்படும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குழந்தைக்குக் காது கேட்கும். எங்கள் தாத்தாவும் பாட்டியும் அத்தை மகன், மாமன் மகள். இருவருக்கும் காது நன்றாகவே கேட்டது.

படம் இந்த அச்சத்தைத் தீர்த்து வைக்கும் விதத்தில்தான் எனக்குக் கொஞ்சம் மனக்குறை. கார்த்திக்கின் அன்பு பெரிது, ஆகவே அவள் நம்பலாம் என்ற இடத்தில் கதை நின்றுவிடுகிறது. காது கேளாத குழந்தை பிறந்தால்தான் என்ன, தாயோடு அதற்கு ஒரு மொழி பிறந்த நாளிலிருந்தே இருக்குமே என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை. அமெரிக்காவில் மார்த்தாஸ் வின்யார்டு என்று ஒரு தீவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே 155 பேருக்கு ஒருவர் பிறவியிலேயே காது கேளாதவர். சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர். ஆகவே அங்கே காது கேட்பவர்களும் சைகைமொழி பேசினார்கள். கடையிலும் படகிலும் பேசினார்கள். கேட்பவரும் கேளாதவரும் மணம் செய்துகொள்வது பேச்சுக்குரிய செய்தியாகவே இல்லை. அந்த மரபில் காது கேளாமல் பிறந்தவர்களில் கடைசி ஆள் 1952-இல் இறந்தார். அந்தத் தீவில் ‘மொழி’யைப் படமாக எடுத்திருந்தால், கதை இரண்டாவது ரீலிலேயே முடிந்து எல்லாரும் சாப்பிடப் போயிருப்பார்கள்.

நம் பக்கத்தில் இந்த அச்சத்தை மிகக் கூர்மையாகக் காட்டியது குல்சார் 1972-இல் எடுத்த ‘கோஷிஷ்’. அதில் கணவன் மனைவி இருவருக்குமே காது கேட்காது. சஞ்சீவ் குமாருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். தமிழில் 1977-இல் கமல்ஹாசனும் நடிகை சுஜாதாவும் நடிக்க ‘உயர்ந்தவர்கள்’ என்று வந்தது. குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க அவர்கள் கிலுகிலுப்பையை ஆட்டுவார்கள், குழந்தை திரும்பாது, இருவரும் பதறிப்போவார்கள். கடைசியில் கிலுகிலுப்பைக்குள் மணியே இல்லை என்று தெரியவரும். 1990-இல் அத்தைக்கு மகன் பிறந்தபோது எங்கள் வீட்டில் கிலுகிலுப்பை இல்லை, பித்தளைச் சொம்பு இருந்தது. பாட்டி அதைச் சிமெண்டுத் தரையில் போட்டார், குழந்தை வீறிட்டது, கேட்கிறது என்று எல்லாரும் அத்தையிடம் சொன்னோம். அத்தை நம்பவில்லை. மறுநாள் அவரே போட்டார். சொம்பைப் பார்க்காமல் குழந்தையின் இமைகளை மட்டும் பார்த்துக்கொண்டு, முழங்கை உயரத்திலிருந்து நழுவவிட்டார். இமை துடித்தது. அதற்கு மறுநாளும் போட்டார். தீட்டுக் கழியும்வரை நாள்தோறும் ஒரு முறை சொம்பு விழுந்தது. அதன் விளிம்பு நசுங்கி இப்போதும் எங்கள் அடுக்களையில் இருக்கிறது. அப்போது எனக்கு வயது நான்கு. ஒவ்வொரு முறையும் இமை துடித்ததும் அத்தை சிரித்தாரா, சற்று ஏமாந்தாரா என்பது அந்த வயதில் எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இப்போது நினைத்தால் இரண்டும் அந்த முகத்தில் இருந்ததுபோலத் தோன்றுகிறது. ஆனால் இது நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

காது கேட்கும் நடிகை காது கேளாதவராக நடிக்கலாமா என்று இப்போது கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1986-இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்’ படத்தில், உண்மையிலேயே காது கேளாத மார்லி மாட்லின் நடித்து, 21 வயதில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். ஆனால் அந்தப் படத்திலும் அவர் கையால் சொல்வதையெல்லாம் நாயகன் ஒருமுறை வாயால் திருப்பிச் சொல்வான். ஷீலா செய்யும் வேலையும் அதுதான். இரண்டு படமும் காது கேட்கும் எனக்காகவே எடுக்கப்பட்டவை என்பதற்கு அந்த வாய்கள் சாட்சி. திரையின் அடியில் தமிழில் இரண்டு வரி ஓடவிட்டிருந்தால், எழுத்துத் தெரிந்த காது கேளாதவர்கள் எத்தனையோ பேர் அன்றைக்கே ‘மொழி’யைப் பார்த்திருப்பார்கள். பிறகு நான் வாங்கிய டிவிடியில் ஆங்கில வரிகள் இருந்தன. திரையரங்குகளில் இதற்கான அணுகல் வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2024-இல் வெளியிட்டது. பொள்ளாச்சியில் அப்படி ஒரு காட்சியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இத்தனை குறை சொல்லியும் அந்தப் படம் என்னை விட்டுப் போவதில்லை. எம்.எஸ். பாஸ்கர் நடித்த பேராசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் மகனைப் பறிகொடுத்தவர் அந்த ஆண்டைவிட்டு வெளியே வர மறுத்து, அந்தக் காலத்துச் செய்திகளையே இன்றைய செய்தியாகப் பேசிக்கொண்டிருப்பார். கார்த்திக் அவரை உட்கார வைத்து, மகன் இறந்துவிட்டான் என்று சொல்லி அழ வைக்கும் காட்சியில் அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அந்த ஒரு காட்சிக்கு மட்டும் அத்தை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது, ‘அந்தக் கிழவனுக்கு எத்தனை வருஷமாக யாரும் சொல்லவில்லை?’ என்று கேட்டார். இருபது ஆண்டுக்கு மேல் என்று காட்டினேன். தனக்கும் பல செய்திகள் அப்படித்தான் வந்து சேர்ந்தன என்று அவர் சொன்னார். தாத்தா இறந்தது, பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்ததாம்.

நான்கைந்து ஆண்டுகள் கழித்து ஓர் ஆடி மாதத்தில் தொலைக்காட்சியில் ‘மொழி’ போட்டார்கள். இந்த முறை மாமாவும் உடன் இருந்தார். அத்தை அவருக்குக் கதையை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்: இவன் நல்லவன், அவள் முரண்டு பிடிப்பாள், இந்தக் கிழவர் அழுவார். மாமா சலிக்காமல் தலையாட்டினார். வெளியே கணவாய்க் காற்று தோப்பை முறித்துவிடும்போல வீசிக்கொண்டிருந்தது. அர்ச்சனா கல்யாணம் வேண்டாம் என்று மறுக்கும் இடம் வந்தபோது எங்கோ மட்டை விழுந்து மின்சாரம் போயிற்று.

இருட்டில் நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா தீப்பெட்டி எங்கே என்று கேட்டார், அப்பா ஏதோ பதில் சொன்னார், தம்பி காற்றைத் திட்டினான். விளக்கு அணைந்தால் பேச்சே அணைந்துபோகிற ஒருவர் அந்த அறையில் இருக்கிறார் என்பது இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. நினைவு வந்து அத்தை இருந்த பக்கம் கையை நீட்டினேன். விரலில் மாமாவின் துண்டு தட்டுப்பட்டது. அதற்கு அடியில் கைகள் அசைந்துகொண்டிருந்தன. கையை இழுத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் இருட்டுக்குள் அத்தை சிரிக்கும் ஓசை கேட்டது. தன் ஓசையைத் தான் அறியாதவர்களின் சிரிப்பு அது, சற்று உரக்கத்தான் வரும்.

அரைமணி நேரம் கழித்து மின்சாரம் வந்தபோது தொலைக்காட்சியில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. துண்டு இன்னும் இருவர் மடிக்கும் நடுவில் கிடந்தது.

“என்னங் மாமா, வெல முடிஞ்சுதுங்களா?” என்றேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

“இன்னும் படியல கண்ணு.”